குடும்பத் தொழிலும் குலத் தொழிலும்

மரக்காணத்து உப்பளக் கரையோரச் சிற்றூர்களில் மூவகைக் கூரைகளைக் காணலாம். பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த குடிசை ஒன்று. குயவர் திகிரியில் வனைந்து, இரண்டாகப் பிளந்து, சுட்டெடுத்த நாட்டு ஓடு மற்றொன்று. அச்சில் அழுத்திச் சூளையில் வேகவைத்த செந்நிறச் சீமை ஓடு மூன்றாவது. காரைக் கட்டடங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் இம்மூன்றும் அறவே மறைந்துவிடவில்லை.

சீமை ஓடு என்று பெயரிட்டார்களே நம் முன்னோர், எந்தச் சீமை அது? யார் கண்டுபிடித்தார்கள்? எப்படி நம் கூரைக்கு வந்தது? இதையெல்லாம் ஆராய்வதால் பயன் என்ன என்று கேட்கலாம். பயன் உண்டு. ஏனெனில், அந்த ஓட்டின் வரலாற்றுக்குள் நம் நாட்டின் மிகப் பழைய வாதம் ஒன்றுக்கு விடை இருக்கிறது.

வாதம் இதுதான்: “தந்தை தொழிலை மகன் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். மேலை நாட்டிலும் குடும்பம் குடும்பமாகத் தொழில் நடத்துகிறார்கள். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மட்பாண்டத் தொழிற்சாலைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. அங்கே அதைப் போற்றுகிறீர்கள். இங்கே குயவர் மகன் குயவனாக இருந்தால் மட்டும் கொதிக்கிறீர்களே, ஏன்?”

கேள்வி நயமானது, பழைய வருணாசிரமத்துக்குப் புதிய பொன்முலாம் பூசுவது. ஆகவே கோபத்தால் அல்ல, வரலாற்றால் விடை கூறுவோம். பிரான்சின் மட்பாண்டக் குடும்பங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றி உசாவுவோம்.

பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையில், லொரேன் பகுதியில், சார்கெமின் என்று ஓர் ஊர். அவ்வூரின் மெருகிட்ட மட்பாண்டங்கள் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவை. தொழிற்சாலை தோன்றியது 1790ஆம் ஆண்டு. தொடங்கியோர் யார்? நிக்கொலா ஆன்ரி ழக்கோபி என்பவரும், ஃபாப்ரி என்ற பெயருடைய உடன்பிறந்தார் இருவரும் கூட்டுச் சேர்ந்து தொடங்கினர். பத்தாண்டுகளில் அவர்களால் நடத்த முடியவில்லை. 1800இல் பொறுப்பேற்றவர் பவேரியாவில் பிறந்த பவுல் உட்சுனைடர், வேற்று நாட்டவர். அவருக்குப் பின், 1836இல், பொறுப்பு மகனுக்குச் செல்லவில்லை. மருமகன் அலெக்சாந்தர் தெ கைகருக்குச் சென்றது. அவருடைய மகன் பவுல் தெ கைகர் அடுத்து நடத்தினார்.

1871இல் பிரான்சு போரில் தோற்றது. சார்கெமின் செருமனியின் ஆட்சிக்குள் போயிற்று. ஒரே இரவில் தொழிற்சாலை ஒரு நாட்டிலும் வாங்குவோர் மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்தனர். சுங்க வரி குறுக்கே நின்றது. நிருவாகம் என்ன செய்தது? பிரெஞ்சு எல்லைக்குள் திகுவான் என்ற ஊரிலும், வித்ரி ல பிரான்சுவா என்ற ஊரிலும் புதிய தொழிற்சாலைகளை அமைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் சார்கெமின் மீண்டும் பிரான்சோடு சேர்ந்தது. உரிமை கை மாறிற்று, மீண்டும் மாறிற்று. 2007இல் சூளை அணைந்தது. இன்று அக்குடும்பத்தின் இல்லம் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இதுதான் அவர்கள் எடுத்துக்காட்டும் “குடும்பத் தொழில்”! வேற்று நாட்டான் வந்து புகுந்தான், மருமகன் ஏற்றான், கை மாறியது, இறுதியில் மூடினார்கள். மூடியபோது, அங்கே உழைத்தவரின் மகனைப் பார்த்து, “நீ மண் பிசையப் பிறந்தவன், வேறு வேலை உனக்கு விதிக்கப்படவில்லை” என்று எந்த நூலும் கூறவில்லை. எந்தப் புரோகிதரும் கூறவில்லை.

அங்கும் தொழிலுக்கு வேலி இருந்ததில்லையா? இருந்தது. 1789 புரட்சிக்கு முன், பிரெஞ்சு நகரங்களில் கைத்தொழில்கள் தொழிற்குழுக்களின் பிடியில் இருந்தன. குழுவில் இடம் பெறாதவன் கடை விரிக்க இயலாது. இடம் பெறக் கட்டணம் உண்டு, தேர்வு உண்டு, நீண்ட காத்திருப்பு உண்டு. ஆசான் மகனுக்கோ வழி எளிது. நம் நாட்டுச் சாதிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தம்பியைப் பிரெஞ்சு மக்கள் வளரவிடவில்லை. 1791 மார்ச்சில் தாலார்து சட்டம் வந்தது. உரிய வரியைக் கட்டி எவரும் எத்தொழிலையும் செய்யலாம் என்று அது முழங்கிற்று. பன்னூறு ஆண்டுகளாக நின்ற வேலி ஒரு சட்டத்தால் சாய்ந்தது.

அதே 1791 சனவரியில் மற்றொரு சட்டமும் இயற்றினார்கள்: புதுமை காண்போருக்குக் காப்புரிமை. 5 ஆண்டு, 10 ஆண்டு, அல்லது 15 ஆண்டு. அக்காலம் வரை கண்டுபிடித்தவனுக்கு உரிமை; காலம் முடிந்தால் அது எல்லோருக்கும் பொது. இந்தச் சிறிய விதியை நினைவில் நிறுத்துங்கள், தோழர்களே! நம் கூரைமேல் சீமை ஓடு ஏறியதற்கு அதுவே ஏணி.

அல்சாசு பகுதியில் அல்ட்கிர்ச் என்ற சிற்றூர். அங்கே கிலார்தோனி உடன்பிறந்தார் ஓட்டுச் சூளை நடத்தினர். பழைய ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேய்வது. மழை ஒழுகாதிருக்க ஓட்டின் பெரும்பகுதியை மற்றோர் ஓட்டின் அடியில் மறைக்க வேண்டும். அதனால் ஓடு மிகுதி, எடை மிகுதி, தாங்கும் மரமும் மிகுதி. உடன்பிறந்தார் இருவரும் சிந்தித்தனர். ஓட்டின் ஓரத்தில் ஒரு பள்ளம். அடுத்த ஓட்டின் ஓரத்தில் ஒரு மேடு. மேடு பள்ளத்தில் பொருந்தினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பள்ளத்தில் இறங்கிய நீர் கீழே வழிந்தோடும். அடுக்கடுக்காய் மூடத் தேவையில்லை. 1841இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள்.

எண்ணிப் பாருங்கள். இவ்வகை ஓட்டில் ஒரு சதுர மீட்டர்க் கூரைக்கு ஏறக்குறைய 15 இருந்தால் போதும். பழைய தட்டையோட்டில் அதைப்போலப் பன்மடங்கு வேண்டும். ஓடு குறைந்தது, எடை குறைந்தது, விலை குறைந்தது. பெருமனைக்கு மட்டும் உரியதாயிருந்த நல்ல கூரை எளியவன் எட்டும் தொலைவுக்கு வந்தது. பள்ளமும் மேடும் அன்றி வேறொன்றுமில்லை; மந்திரம் இல்லை, யந்திரத் தகடு இல்லை, அறிவு ஒன்றே அங்கே வேலை செய்தது.

அடுத்து நடந்ததுதான் முதன்மையானது. சட்டப்படி 15 ஆண்டுக்கு மேல் எந்தக் காப்புரிமையும் நில்லாது. 1850களின் நடுப்பகுதி கடந்ததும் கிலார்தோனி குடும்பத்தின் நுட்பம் உலகின் நுட்பமாயிற்று. மார்செய் துறைமுகத்தை ஒட்டிய சேந்து ஆன்ரி, சேந்து ஆந்திரே ஆகிய இடங்களில் களிமண் வளம் உண்டு. எதிரே கடல் உண்டு. அங்கே ஓட்டுத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. கிசார் கார்வேன் நிறுவனம் தன் ஓட்டின் மேல் தேனீச் சின்னம் பொறித்தது. கப்பல் கப்பலாக ஓடுகள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டின. ஆத்திரேலியா வரை போயின. ஒரு குடும்பத்தின் மூளையில் முளைத்தது உலகத்தின் உச்சியில் குடையாயிற்று.

அக்குடும்பத்துக்கு இதனால் இழிவா? இல்லை, வரலாற்றில் பெயர் நிலைத்தது. தொழிலுக்கு இழப்பா? இல்லை, தொழில் பன்மடங்கு பெருகிற்று. அறிவு பூட்டி வைத்தால் துருப்பிடிக்கும். பகிர்ந்தால் பெருகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இந்தியக் கரையில் இந்த ஓட்டின் உற்பத்தி 1865இல் மங்களூரில் தொடங்கிற்று. தொடங்கியவர் செருமானியரான கேயார்க் பிளெப்ஸ்டு, பேசல் மிஷனைச் சேர்ந்தவர். நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண் ஓட்டுக்கு ஏற்றதாக அமைந்தது. சமயப் பணிக்கு வந்தவர்கள் சூளை வைக்கக் காரணம் என்ன? மதம் மாறியவன் மறுநாளே வேலை இழந்தான்! சாதி விலக்கியது, நிலம் பறிபோயிற்று, பிறவித் தொழிலும் மூடிற்று. கஞ்சிக்கு வழியற்று நின்றவனுக்குக் கை வேலை கொடுக்க முதலில் தறி, பிறகு சூளை. அந்தச் சூளையருகே மண் பிசைந்தவர்கள் குயவர் குலத்தில் பிறந்தவர்கள் மட்டுமல்லர். மரம் ஏறியவன் வந்தான். வயலில் அடிமைப்பட்டிருந்தவன் வந்தான். கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டான். ஓடு செய்யக் குயவர் வயிற்றில் பிறக்க வேண்டும் என்ற பொய் அந்தச் சூளையில் எரிந்து சாம்பலாயிற்று.

மிஷனின் நோக்கத்தை நாம் மறந்துவிடவில்லை. வேலையோடு வழிபாட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். பசித்தவன் வயிற்றைக் கொண்டு அவன் நம்பிக்கையை அளப்பது பகுத்தறிவுக்கு உகந்ததன்று. எந்த மதம் செய்தாலும் அப்படியே. ஆனால் ஓடு யார் மதத்தையும் கேட்கவில்லை. 1868இலேயே மங்களூர் வட்டாரத்தில் ஆல்புகெர்க் குடும்பம் தன் சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. கோழிக்கோடு, பெரோக், திருச்சூர் எனச் சூளைகள் பரவின. முதல் உலகப் போரில் பேசல் மிஷனின் சொத்துகளைப் பகைநாட்டார் உடைமையெனப் பிரிட்டிஷார் கைப்பற்றினர். அவை 1919இல் காமன்வெல்த்து டிரஸ்டின் கைக்குப் போயின. முதலாளி மாறினான், நாடு மாறிற்று, நுட்பம் மாறவில்லை, நிற்கவும் இல்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு ஓடு புதிதா? கீழடி அகழாய்வில், 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கூரை ஓடுகள் கிடைத்துள்ளன. மழைநீர் வடிய விரலால் அழுத்திய பள்ளங்கள் அவற்றில் உள்ளன! கூரையோடு பிணைத்துக் கட்டத் துளைகள் உள்ளன. அதே மண்ணில் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. மக்கள் புழங்கிய மண்கலத்தின்மேல் எழுத்து வாழ்ந்த காலம் அது.

புறநானூற்றைப் புரட்டுங்கள். ஈமத்தாழி வனையும் குயவரை விளித்துப் புலவர்கள் பாடிய பாடல்கள் உள்ளன. வெண்ணிப் போரில் கரிகாலன் பெற்ற வெற்றியைப் பாடிய புலவரின் பெயர் வெண்ணிக் குயத்தியார். வேந்தனிடமே, தோற்றவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்ற கருத்தை அஞ்சாது வைத்த பெண்பாற் புலவர் அவர்! இந்த மரக்காணத்தையே எடுத்துக்கொள்வோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கலம் வந்து போன கரை இது. கலம் வனைந்தவர் கவி பாடிய நாடு இது.

அந்த நாட்டில், விரல் அழுத்திய பள்ளம் கவ்வும் ஓடாக வளர ஏன் நம் கையால் ஆகவில்லை? மண் குறைவா? சூளைக்கு விறகு இல்லையா? அறிவு இல்லையா? மூன்றும் இருந்தன. செய்கிறவன் கையையும் எழுதுகிறவன் கையையும் பிரித்துவிட்டார்கள். செய்பவனுக்கு எழுத்து வேண்டாம் என்றார்கள். எழுதுபவன் மண்ணைத் தொட்டால் தீட்டு என்றார்கள். செய்தவன் கண்ட நுட்பம் ஏட்டில் ஏறவில்லை. அவனோடு சுடலைக்குப் போயிற்று. ஏட்டில் ஏறியதோ, எந்த நாளில் எந்தத் திசையில் சூலம் என்பது!

பிரான்சிலே பெர்னார் பலிசி என்று ஒருவர் இருந்தார். 16ஆம் நூற்றாண்டினர். மட்பாண்டக்காரர் அல்லர், கண்ணாடியில் ஓவியம் தீட்டுபவர். ஒரு மெருகிட்ட கிண்ணத்தைக் கண்டார். அதன் நுட்பத்தைத் தேடி ஏறக்குறைய 16 ஆண்டுகள் சூளையோடு போராடினார். விறகு தீர்ந்தபோது வீட்டு மேசையையும் தரைப்பலகையையும் பிடுங்கி எரித்தார். வென்றார். வென்றதும் வாய் மூடியிருக்கவில்லை, நூல் எழுதினார். 1580இல் வெளிவந்த நூலில், கருத்துமட்டும் பேசுவோனையும் கைப்பட ஆய்ந்தவனையும் எதிரெதிரே நிறுத்தி உரையாட வைத்து, ஆய்ந்தவனை வெல்லச் செய்தார். அவரையும் மதவெறி விடவில்லை. கொள்கையை மாற்றிக்கொள்ள மறுத்து 1590 அளவில் பஸ்தீல் சிறையில் மாண்டார். ஆனால் அவர் நூலை அவர்களால் சிறையிட முடியவில்லை. இங்கே எத்தனை பலிசிகள் எழுத்தறியாமலே மறைந்தார்களோ!

கொடுமை இத்தோடு நிற்கவில்லை. ஓடு செய்தவன் வேறு, ஓட்டின் கீழ் உறங்கும் உரிமை பெற்றவன் வேறு. திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் ஒடுக்கப்பட்ட சாதியார் ஓட்டு வீடு கட்டத் தடை இருந்தது. காசு இருந்தும் கட்டக் கூடாது! கூரைக்கும் சாதி கண்ட நாடு உலகில் இதுவன்றி வேறெது?

இப்போது வாதத்துக்கு விடை கூறுவோம். ஒரு தொழில் குடும்பத் தொழிலா, குலத் தொழிலா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வர முடியுமா? உள்ளிருப்பவன் வெளியே போக முடியுமா? அத்தொழிலின் அறிவு ஒருநாள் எல்லோர்க்கும் பொதுவாகுமா? சார்கெமினில் பவேரியன் உள்ளே வந்தான். பலிசி கண்ணாடியை விட்டு மண்ணுக்குப் போனார். கிலார்தோனியின் நுட்பம் 15 ஆண்டுக்குள் பொதுவாயிற்று. மூன்றுக்கும் விடை ஆம். நம் நாட்டுக் குலத் தொழிலிலோ மூன்றுக்கும் விடை இல்லை! உள்ளே வர வழியில்லை. வெளியே போக விடுவதில்லை. அறிவுக்கு ஏடு இல்லை. அங்கே காப்புரிமைக்குக் காலம் உண்டு. இங்கே சாதிக்குக் காலம் இல்லை.

பிரெஞ்சு முதலாளிகளுக்குப் பரணி பாடுவது நம் நோக்கமன்று. சூளையின் இலாபம் முதலாளி மாளிகைக்குத்தான் போயிற்று. மெருகில் கலந்த ஈயம் தொழிலாளியின் உடலைத் தின்றது. மண்தூசி மார்பை அடைத்தது. தொழிலை விடுவித்த அதே 1791இல், லெ ஷாப்பலியே சட்டம் தொழிலாளர் சங்கம் சேர்வதைத் தடுத்தது. அந்த உரிமை 1884இல்தான் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது. அங்கே உழைப்பவன் சுரண்டப்பட்டான். ஆனால் அவன் மகன் பிறக்கும் முன்பே சுரண்டலுக்கு எழுதி வைக்கப்படவில்லை. அந்த வேறுபாடு சிறிதன்று.

இது பழங்கதை, இப்போது ஏன் என்பாருக்கு இரண்டு ஆண்டுகளைக் காட்டுவோம். 1953இல் சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மற்ற நேரம் பெற்றோர் தொழிலோடு பழக்கம். குலக் கல்வி என்று நாடு அதன் முகத்திரையைக் கிழித்தது, கிளர்ச்சி மூண்டது, 1954இல் அவர் பதவி விலக, காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. 2023இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கிற்று. 18 தொழில்கள், குயவர் தொழிலும் அவற்றுள் ஒன்று. குடும்ப வழியாகத் தொழில் செய்வோர்க்கு என்றது விதி. வயது 18 போதும் என்றது. கல்லூரியில் கால் வைக்கும் வயது அது! 2024இல் தமிழ்நாடு அரசு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குக, வயதை 35 ஆக்குக என்று கேட்டது. அவ்வாறு மாற்றாததால் அந்த வடிவில் ஏற்க மறுத்தது. 35 வயது நிரம்பிய எவரும் சேரத்தக்க, 25 தொழில்கள் அடங்கிய வேறு திட்டத்தை வகுத்தது.

கைத்தொழிலை நாம் வெறுப்பவர்கள் அல்லர். மண்ணைப் பொன்னாக்கும் விரலை வணங்கத்தக்கதாகவே கருதுகிறோம். திகிரி சுழலட்டும்; கடன் கிடைக்கட்டும்; கருவி கிடைக்கட்டும்; நல்ல விலை கிடைக்கட்டும். விரும்பி அமர்பவன் அமரட்டும், அவன் எக்குலத்தில் பிறந்திருந்தாலும். ஆனால் அதில் பிறந்தவன் என்பதற்காக ஒருவனை அதன் முன் அமர்த்தாதீர்!

பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு இது ஏட்டுச் சண்டை அன்று. உப்பளத்தில் தந்தை பாத்தி மிதிக்க, தாய் உப்புச் சுமக்க, வகுப்பில் வந்து அமரும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். உப்பு விளைச்சல் காலத்தில் வகுப்பில் இடங்கள் காலியாவதையும் காண்கிறோம். எந்த நூலும் உப்பளத்தைக் குலத் தொழில் என்று விதிக்கவில்லை; வறுமையே அங்கே மனு எழுதுகிறது. விதியின் பெயரால் கட்டினாலும் வறுமையின் பெயரால் கட்டினாலும் கயிறு கயிறுதான்.

ஆகவே, இளைஞர்களே, மூன்று கேள்விகளையும் உங்கள் ஊருக்குக் கொண்டு செல்லுங்கள். கோவில் கருவறையைப் பார்த்துக் கேளுங்கள். அது பிறப்பு கேட்கும் தொழில் அல்லவா? குப்பைக் குழியைப் பார்த்துக் கேளுங்கள். அதுவும் பிறப்பு கேட்கிறதே! ஒன்றின் வாயில் உள்ளே வரவிடுவதில்லை. மற்றொன்றின் வாயில் வெளியே போகவிடுவதில்லை. இரு வாயிலும் திறக்கும் நாளே தொழில் விடுதலை பெறும் நாள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளை ஒருவனையேனும் இம்மாதம் மீண்டும் வகுப்பில் கொண்டுவந்து சேர்ப்போம். நாளை அவன் ஓடு செய்யலாம், ஓவியம் செய்யலாம், ஓடத்துக்குப் பொறி செய்யலாம். எதைச் செய்வது என்பதை அவனே சொல்லட்டும்.